நகரத்து விடுதிகளும் நாம் படும் பாடும்

தலைநகருக்கு ஒரு முறையேனும் போய் வராமல் நிறைவெய்தும் அலுவல்கள் நம் நாட்டில் சிலவே. தூதரகத்தில் நேர்முகமா, கொழும்பு. உயர் நீதிமன்றத்தில் வழக்கா, கொழும்பு. பிள்ளைக்கு அகில இலங்கைப் போட்டியா, பெரும்பாலும் அதுவும் கொழும்பு. மகரகமையில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்பவர்களோ விரும்பிச் செல்பவர்கள் அல்லர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் இவ்வாறு வந்து சேரும் மக்கள் இரவில் எங்கே தலை சாய்க்கிறார்கள் என்பதைப் பற்றி எவரும் அதிகம் எழுதக் காணோம். ஆகவே இவ்வாரம் அதனை எடுத்துக்கொள்ளலாம் என எண்ணினோம்.

முன்னொரு காலத்தில் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் சிற்றப்பாவோ மாமாவோ ஒருவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருந்தார். ஒரு போத்தல் நல்லெண்ணெயும், பனங்கட்டிக் குட்டானும், பினாட்டும் கட்டிக்கொண்டு போய் அவர் வீட்டு விறாந்தையில் பாயை விரித்தால் கதை முடிந்தது. இன்று அந்தச் சிற்றப்பா கனடாவில் இருக்கிறார். வெள்ளவத்தையில் எஞ்சியிருக்கும் உறவினர் ஐந்தாம் மாடியில், இரண்டு அறைகொண்ட தொடர்மாடி வீட்டில், மகனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று எனப் பங்கிட்டு வாழ்கிறார். அவர் "வாருங்கள்" என்றுதான் சொல்லுகிறார். ஆயினும் அவ்வழைப்புக்கும் வாசற்படிக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் அளந்து வைத்திருக்கின்றோம். எனவே விடுதி.

விடுதி என்றே சொல்லுகின்றோம். ஹோட்டல் என்று சொல்லின் நம்மவருக்கு நினைவில் வருவது சாப்பாட்டுக்கடை. இலங்கையில் 'ஹோட்டல்' என்று பலகை தொங்கும் இடங்களில் பாதியில் படுக்க ஒரு வாங்கும் கிடையாது. பரோட்டாவும் சம்பலுமே கிடைக்கும். இதனை அறியாத வெளிநாட்டார் சிலர் பையுடன் உள்ளே புகுந்து அறை கேட்டதை நாமே கண்டதுண்டு.

வழிப்போக்கனுக்கு இடங்கொடுப்பதை அறமாகக் கருதியவர்கள் நம் முன்னோர். பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்கள் அறிவர்: வீதியின் இருமருங்கும் உயர்ந்த திண்ணை, கற்றூண்கள், வீதியையே மூடி நிற்கும் கூரை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குபவன் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுமைதாங்கியும், மாடு உரோஞ்சுவதற்கென நட்ட ஆவுரோஞ்சிக்கல்லும், தண்ணீர்த் தொட்டியும் அக்கால வழிப்பயணத்தின் அங்கங்கள். சிங்களக் கிராமங்களில் 'அம்பலம' எனப்படும் வழியோர மண்டபங்களும் இவ்வறத்தின் பாற்பட்டவையே. ஆங்கிலேயர் ஆட்சியில் வாடிவீடுகள் பெருகின. ஆனால் அவை முதலில் உத்தியோகத்தருக்கும் துரைமாருக்கும் ஆனவை. மடத்தில் கட்டணம் இல்லை, ஆகையால் முறைப்பாடும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு திண்ணையளவு சுகமும் தராத இடத்தைப் பற்றித்தான் நாம் இங்கே பேசுகின்றோம்.

சென்ற ஆண்டு விடுமுறையொன்றில் மூன்று மாணவர்களை ஒரு போட்டிக்காக அழைத்துச் செல்ல நேர்ந்தது. கைத்தொலைபேசியில் படம் பார்த்து அறை ஒழுங்கு செய்யும் காலம் இது. படத்தில் வெள்ளை வெளேரென்ற விரிப்பு; அதன்மீது அன்னப்பறவை வடிவில் மடித்த துவாய்; யன்னலுக்கு அப்பால் நீலக்கடல். நகரின் நடுவே, புகையிரத நிலையத்துக்கு நடக்கும் தூரம், இரண்டு அறைகள். முற்பணமும் செலுத்தப்பட்டது.

வடக்கிலிருந்து வருபவர்களுக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவெல்லாம் ஓடி வரும் பஸ்ஸும் இரவுப் புகையிரதமும் நம்மைக் கொழும்பில் இறக்கிவிடுவது பொழுது புலரா முன்னே. விடுதியின் நாளோ நண்பகலிலோ அதற்குப் பின்னரோதான் பிறக்கும். அதிகாலை ஐந்து மணிக்குப் போய் நிற்பவன் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: முகங்கழுவுவதற்காக ஒரு முழுநாள் வாடகை கொடுக்கலாம், அல்லது பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் தூங்கி விழலாம். இந்த நேரக்கணக்கு வெளிநாட்டு உல்லாசப் பயணிக்காக வகுக்கப்பட்டது. பஸ்ஸில் வரும் ஏழைக்காக அன்று. சில விடுதிக்காரர் 'அரைநாள்' என ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டால்தான் அது கிடைக்கும். கேளாதவனுக்கு அது இருப்பதே தெரியாது.

நாம் சென்ற விடுதியில் பதிவுப் புத்தகத்தின் முன்னிருந்தவர் எமது படத்தையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தார். "இது பழைய படம் ஐயா. அந்த அறை இப்ப இல்லை" என்றார். கடல்? "மேலே மொட்டை மாடியில் ஏறினால் கொஞ்சம் தெரியும்." நமக்குக் கிடைத்த அறையின் யன்னலைத் திறந்தபோது கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர் இருந்தது. மின்விசிறி ஒரே வேகத்தில் சுழன்றது. அந்த வேகம் கொசுறுக் காற்றுக்கும் போதாதது. குளியலறைக் குழாயைத் திருகினால் முதலில் ஒரு பெருமூச்சு, பின் ஒரு இருமல், அதன்பின்னரே தண்ணீர். அன்னப்பறவை வந்திருக்கவில்லை, துவாய் வந்தது, ஒன்று மட்டும், நான்கு பேருக்கு. நுளம்புத்திரி கேட்டோம், கடை எதிரே இருக்கிறது என்று வழி காட்டினார்கள். மாணவர்களுக்கு இதெல்லாம் பெருவேடிக்கை. அவர்கள் குழாயின் இருமலைப் போல இருமிக் காட்டிச் சிரித்தனர். பதினாறு வயதில் எந்தக் கட்டிலும் கட்டிலே.

ஆயினும் அன்றிரவு நாம் கண்ட மற்றொன்று வேடிக்கையாகப் படவில்லை. மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஒரு முதியவர் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சுடுதண்ணீர்ப் போத்தலுடன் நின்றார். மின்தூக்கி அக்கட்டடத்தில் இல்லை. வன்னிப் பகுதியிலிருந்து மகரகமைக்கு வந்திருப்பவர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றிய பின்னர் இரண்டு நாள் நடக்க இயலாது.

"கீழ் அறை தாறதெண்டுதான் போனிலை சொன்னவை, மாஸ்டர். வந்து பாத்தா அது வேறை ஆக்களுக்குக் குடுத்திட்டினம். இவர் ஒவ்வொரு படிக்கும் இருந்து இருந்துதான் ஏறுறார்" என்றார் அவ்வம்மையார். குரலில் கோபம் இல்லை. கோபப்படும் நிலையைக் கடந்து நெடுநாளாயிற்று போலும்.

எமது மாணவர் இருவர் அவரைக் கைத்தாங்கலாக மேலே கொண்டு சேர்த்தனர். கீழே சென்று கேட்டோம். முகாமையாளர் ஊரில் இல்லையாம். பதிவுப் புத்தகக்காரர் எம்மைச் சமாதானப்படுத்தவே விரும்பினார்: கீழறை எடுத்தவர்கள் இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுத்தார்களாம், கூடுதலாகவும் கொடுத்தார்களாம். இவ்விடத்தில்தான் நாம் மலிவு விடுதியின் குற்றம் எது, குற்றம் அல்லாதது எது என்பதைப் பிரித்தறிய வேண்டியுள்ளது. இருமும் குழாய் குற்றம் அன்று. குறைந்த வாடகைக்குக் குறைந்த வசதியே. பழைய படத்தைக் காட்டுவது குற்றம். நோயாளிக்கென்று ஒப்புக்கொண்ட அறையைக் கூடுதல் பணத்துக்கு மாற்றி விற்பது பெருங்குற்றம். அடுத்த நாட் காலை, கீழ்த்தளத்துச் சாமான் அறையொன்றை ஒதுக்கி அவர்களுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் செய்தது முகாமையாளர் அல்லர். அறை துடைக்கும் பையன்.

அப்பையனைப் பற்றிச் சில வரிகள் எழுதாமல் விட மனம் வரவில்லை. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். வயது இருபது இருக்கும். விரிப்பு அழுக்காக இருக்கிறதே தம்பி என்று கேட்டோம்.

"நான் என்னாங்க சேர் செய்யிறது? மொத்தமே இருபத்திரெண்டு விரிப்புதாங்க. பதினாறு கட்டில். மழ நாள்ல காயாதுங்க. காயாதத விரிச்சா அதுக்கும் ஏச்சு, பழச விரிச்சா அதுக்கும் ஏச்சு."

கணக்கை நாம் போட்டுப் பார்த்தோம். பதினாறு கட்டில்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மாற்று, துவைப்பில் ஒன்று, கையிருப்பில் ஒன்று என வைத்தாலும் நாற்பத்தெட்டு விரிப்புகள் வேண்டும். இருப்பது அதில் பாதியும் இல்லை. பயணி காணும் அழுக்கு அப்பையனுடைய சோம்பல் அன்று. முதலாளி வாங்காத இருபத்தாறு விரிப்புகள். அவன் படுப்பதோ பதிவு மேசைக்குக் கீழே, வெறுந்தரையில். முதலாளிக்கும் சொல்ல ஒரு நியாயம் உண்டு. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் உயர்ந்த உயர்வு எவருக்கும் மறக்கத்தக்கதன்று. இணையவழி அறை பிடித்துத் தரும் நிறுவனங்கள் எடுக்கும் தரகும் சிறிதன்று. இருப்பினும் விரிப்பில் மிச்சம் பிடிப்பவர் பெயர்ப் பலகைக்கு மட்டும் இரவெல்லாம் பச்சையும் சிவப்புமாக விளக்கெரிப்பது ஏனோ?

கொழும்பு விடுதி என்றதும் நம்மவருள் மூத்தோர் சிலருக்கு விரிப்பும் குழாயும் நினைவுக்கு வருவதில்லை. போர்க்காலத்தில் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள விடுதிகளில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தவர்கள் பல்லாயிரவர். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர், தொழில் தேடியவர், ஊரில் இருக்க அஞ்சியவர் எனப் பல திறத்தினர். நள்ளிரவில் கதவு தட்டப்படும்; அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் காட்ட வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன்னர் அவ்விடுதிகளிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். தலைநகரில் தங்கியிருக்கத் தக்க காரணம் அவர்களுக்கு இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். விடுதி வாடகை கொடுத்த ஒருவனுக்கு அவ்வறையில் இருக்கும் உரிமை எத்துணை மெல்லிய நூலில் தொங்கியது என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இப்போது அந்த அச்சம் இல்லை. குழாயைப் பற்றிக் குறை கூறும் நிலைக்கு நாம் வந்திருக்கின்றோம் எனில் அதுவும் ஒரு பேறே.

இனி, இவ்விடுதிகளில் தங்கியே ஆகவேண்டியவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்லலாம்.

அறைக்குள் சென்றதும் பையைக் கட்டிலில் வைக்கற்க. முதலில் விரிப்பின் நான்கு மூலைகளையும் உயர்த்தி, மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டிலின் பொருத்துகளையும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு மையைத் தொட்டு வைத்தாற்போன்ற சிறு புள்ளிகள் காணப்படின் அங்கே மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது. அப்பூச்சி ஐந்து முதல் பத்து நிமிடத்தில் வயிறு நிரம்ப இரத்தம் குடித்துவிட்டு மறைந்துவிடும். பல மாதங்கள் உணவின்றியும் உயிர் வாழும். ஆகையால் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறை என்று நம்பி ஏமாற வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்தினால் இதன் கதை முடிந்தது என உலகம் எண்ணியது; ஆனால் 1940களின் இறுதியிலேயே அம்மருந்துக்கு அஞ்சாத பூச்சிகள் தோன்றிவிட்டன. ஒரு நல்ல செய்தி: இது நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஒரு கெட்ட செய்தி: இது பையின் தையலில் ஒளிந்து வீட்டுக்கும் வரும். ஊர் திரும்பியதும் துணிகளை வெயிலில் உலர்த்துவது மட்டும் போதாது. கொதிக்கும் சூட்டு நீரில் ஊறவிட்டுத் துவைத்தல் வேண்டும். பையை வீட்டு முற்றத்திலேயே திறந்து உதறுவதும் நன்று. எம் வீட்டார் இவ்விடயத்தில் கண்டிப்பானவர்கள்; கொழும்பிலிருந்து வரும் பை படலையைத் தாண்டுவதற்கு முன் பரிசோதனைக்குட்படும்.

இரண்டாவது, மூட்டைப்பூச்சியை விடப் பெரிது. இரவில் விடுதியின் இரும்புக் கதவு பூட்டப்படுகிறதா, திறப்பு எவரிடம் இருக்கிறது, படிக்கட்டு ஒன்றா இரண்டா என்பதைக் கேட்டறியாமல் உறங்க வேண்டாம். கள்வருக்கு அஞ்சி யன்னல்தோறும் கம்பி அடித்து, வாசலையும் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காவலாளி தேநீர் குடிக்கப் போய்விடும் இடங்கள் உள. டில்லி கரோல் பாக் பகுதியில் 2019 பெப்ரவரி 12ஆம் திகதி அதிகாலை ஒரு விடுதியில் மூண்ட தீயில் 17 பேர் மாண்டனர். கொல்கத்தாவின் படாபஜாரில் 2025 ஏப்ரல் 29ஆம் திகதி இரவு மற்றொன்றில் 14 பேர். இறந்தவர்களிற் பலரைக் கொன்றது நெருப்பு அன்று, புகை. நெருங்கிய தெருக்களும், ஒற்றைப் படிக்கட்டும், படிக்கட்டின் கீழே அடுக்கிய பெட்டிகளும் கொழும்பிலும் இல்லாமல் இல்லை. எமது மாணவர்களை அன்றிரவு இருட்டில் ஒரு முறை வாசல் வரை இறங்கி ஏறிக் காட்டச் செய்தோம். விளையாட்டென்று எண்ணிச் செய்தார்கள், எண்ணிக்கொள்ளட்டும்.

மூன்றாவது பணம். பேசிய வாடகை, வரி சேர்ந்ததா, குளிரூட்டிக்குத் தனியாகவா, அறைவிடும் நேரம் எப்போது என்பவற்றைச் செய்தியாக எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மூன்றாம் மாடியில் மதிப்பில்லை. பற்றுச்சீட்டுக் கேட்க நம்மவர் கூசுகின்றனர். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குதல் வியாபாரியின் கடமை. ஏமாற்றப்பட்டவர்கள் 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அவ்வதிகாரசபைக்கு முறையிடலாம். சுகாதாரக் குறைபாட்டை அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறலாம். உல்லாசப் பயணிகளை ஏற்கும் இடங்கள் 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற வேண்டியவை. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று பார்ப்பதற்கு எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை.

இவை தனி மனிதன் செய்யக்கூடியவை. ஆனால் அந்த வன்னி அம்மையார் 1977க்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்பாரா, கணவருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருப்பாரா? அவர்களுக்கு வேண்டியது முறைப்பாட்டு இலக்கம் அன்று; கீழ்த்தளத்தில் ஒரு சுத்தமான அறை.

1844இல் இலண்டன் மாநகரில் துணிக்கடைச் சிப்பந்தியாக இருந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர், ஊர் விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த தம்மைப் போன்ற இளைஞர்களுக்காகத் தொடங்கிய வை.எம்.சி.ஏ. பின்னர் உலகெங்கும் மலிவான, ஒழுங்கான தங்குமிடங்களை நடத்தியது. பெருஞ்செல்வர் எவரும் அதைத் தொடங்கவில்லை. நமது கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் கொழும்பில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை பெரிய ஹோட்டலில் இராப்போசனம் நடக்கிறது; அதன் படங்கள் இப்பத்திரிகையிலும் வெளிவருகின்றன. இராப்போசனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நான்கைந்து சங்கங்கள் கூடி, மகரகமைக்குப் பஸ் போகும் ஒரு தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, எட்டுக் கட்டில், இருபத்துநான்கு விரிப்பு, ஒரு சமையலறை, ஊதியம் ஒழுங்காகப் பெறும் ஒரு பையன் என நடத்தினால் எவ்வளவு செலவாகும் என்பதை அச்சங்கங்களின் பொருளாளர்கள் ஒரு மாலைப்பொழுதில் கணக்கிட்டுவிடலாம். இலவசமாகவும் வேண்டியதில்லை, மலிவு விடுதிக்குக் கொடுக்கும் வாடகையையே நம் மக்கள் இங்கும் கொடுப்பார்கள்.

இதைப் பற்றி ஒரு சங்கத்துச் செயலாளரிடம் சென்ற மாதம் பேசினோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் நியாயமான வாடகைக்குச் சுத்தமான அறையும், சொன்ன சொல் தவறாத முகாமையாளரும் உள்ள இடங்களை அறிந்த வாசகர்கள் நமக்கு எழுதுக. படிகள் எத்தனை என்பதையும் மறவாது குறிப்பிடுக.